எட்டு ரியால் வெள்ளிக்காசு

பழங்காசு சேகரிப்போர் பலர் விரும்பித் தேடுவது ஸ்பெயினின் எட்டு ரியால் வெள்ளிக்காசு. அமெரிக்கா 1792-இல் தன் டாலரை இதனை ஒட்டியே வகுத்தது. 1857 வரை இக்காசு அங்கே சட்டப்படி செல்லுபடியாயிற்று. சில்லறை கிடைக்காதபோது மக்கள் இதனைத் துண்டுகளாக வெட்டியும் வழங்கினர்.

அந்த வெள்ளி எங்கிருந்து வந்தது? மெக்சிகோவிலிருந்தும், இன்றைய பொலிவியாவிலுள்ள பொட்டோசி மலையிலிருந்தும் வந்தது. பொட்டோசியில் ‘மீட்டா’ என்னும் கட்டாய வேலைமுறை 1570-களில் நிலைநாட்டப்பட்டு, 1812-இல்தான் ஒழிக்கப்பட்டது. ஆண்டீஸ் மலையூர்களின் ஆடவர் முறைவைத்துச் சுரங்கத்திற்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் பலர் ஊர் திரும்பவில்லை.

காசிலுள்ள சிறு முத்திரை, அது எந்த ஊரில் அச்சிடப்பட்டது என்று கூறும். அரசனின் பெயரும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். வெள்ளியை வெட்டியெடுத்தவனின் பெயரோ எங்குமில்லை. அத்தகைய காசொன்று உங்கள் கைக்கு வருமாயின், தேய்ந்த எழுத்துகளை வாசித்தபின், பொறிக்கப்படாத அம்மனிதரையும் ஒரு கணம் நினைத்தருளுங்கள்.