தீபாவளி முதல் நியூ இயர் வரை: ஸ்வீட் பாக்ஸை மட்டும் குறை சொன்னால் போதுமா?

டெல்லியில் வேலை பார்க்கும் தமிழர்களுக்குத் தீபாவளி ஒரே நாளில் இரண்டு முறை வரும். விடியற்காலையில் எண்ணெய்க் குளியல், லேகியம், இட்லி, வடை என்று நம்ம ஊர் தீபாவளி. மாலையில் பக்கத்து வீட்டு லட்சுமி பூஜை, காஜு கத்லி, விருந்து. அதற்கு முன்னால் நவராத்திரி சுண்டலும் ஆபீஸ் பார்ட்டியும். பின்னால் கல்யாண சீசன், கிறிஸ்துமஸ், நியூ இயர். 'பண்டிகைக்கு மட்டும்தானே' என்று நாம் சொல்லிக்கொள்வது கிட்டத்தட்ட மூன்று மாதம் நீள்கிறது.

ஜனவரியில் எல்லோரும் சாப்பாட்டைத்தான் குறை சொல்வார்கள். ஆனால் அந்த மூன்று மாதத்தில் நீங்கள் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பதும் இந்தக் கணக்கில் சேரும்.

பண்டிகை சீசனில் எடை எவ்வளவு கூடும்?

நாம் பயப்படும் அளவுக்கு இல்லை. அமெரிக்காவில் 195 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2000-ம் ஆண்டு 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியானது. நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை அவர்களுக்குக் கூடிய எடை சராசரியாக 0.37 கிலோ மட்டுமே. சிக்கல் என்னவென்றால், கூடிய அந்த எடை அடுத்து வந்த மாதங்களில் இறங்கவில்லை. வருஷா வருஷம் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தால் பத்து வருஷத்தில் அது சின்ன எண் கிடையாது.

அப்போ, ஸ்வீட் சாப்பிடலாமா?

சாப்பிடலாம், ஆனால் கணக்கு வேணும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலின்படி, ஒரு நாளைக்குச் சர்க்கரை 25 கிராமைத் தாண்டக் கூடாது. அதாவது சுமார் 5 டீஸ்பூன். இரண்டு வேளை காபிக்குத் தலா இரண்டு ஸ்பூன் போட்டாலே 4 ஸ்பூன் போய்விடும். மீதி ஒரு ஸ்பூன்தான் இருக்கிறது. அதனால் ஸ்வீட் சாப்பிடும் நாளில் காபியில் சர்க்கரையைக் குறைப்பது, ஸ்வீட்டையே ஒதுக்கி வைப்பதைவிடச் சுலபமான வழி.

அலட்சியமாக இருக்க முடியாததற்கும் காரணம் உண்டு. 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. இன்னும் 13.6 கோடி பேர் அதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறார்கள்.

தூக்கத்துக்கும் பசிக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம் உண்டு. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆரோக்கியமான 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் தலா 4 மணி நேரம் மட்டுமே படுக்க விட்டார்கள். வேறு இரண்டு இரவுகளில் 10 மணி நேரம் தந்தார்கள். 2004-ல் வந்த முடிவு இது: தூக்கம் குறைந்தபோது 'போதும்' என்று சொல்லும் லெப்டின் ஹார்மோன் 18% குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் 28% கூடியது. இனிப்பு, உப்பு, மாவுச்சத்துள்ள உணவுகள் மீதுதான் ஆசை அதிகமானது.

சின்ன ஆய்வுதான். ஆனாலும் இரவு 2 மணி வரை சீட்டுக்கட்டு ஆடிவிட்டு (டெல்லியில் தீபாவளி என்றால் அதுவும் உண்டு) மறுநாள் ஆபீஸில் லட்டு டப்பாவைத் திறக்கும்போது, 'எனக்குக் கட்டுப்பாடே இல்லை' என்று உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம். உடம்பு தூக்கத்துக்குப் பதிலாக இனிப்பைக் கேட்கிறது. பெரியவர்களுக்கு ஒரு இரவில் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் தேவை.

லீவு எடுத்தும் ஏன் ஓய்வு கிடைப்பதில்லை?

ஒரு காரணம் தூரம். சென்னைக்கு ரயிலில் போனால் ஒரு பக்கத்துக்கே ஒரு நாளுக்கு மேல் ஆகிவிடும். நான்கு நாள் லீவில் பாதி பயணத்திலேயே கரைகிறது.

இன்னொரு காரணம் சமையலறை. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். இது சாதாரண நாட்களையும் சேர்த்த சராசரி. முறுக்கு சுடும் நாளை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவருக்கு ஓய்வு நாளாக இருப்பது இன்னொருவருக்கு ஓவர்டைமாக இருக்கலாம்.

மூன்றாவது, லீவிலும் அணையாத லேப்டாப். டெல்லி கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1954-ன் கீழ் வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை உச்சவரம்பு. ஒரு வருடம் வேலை பார்த்தவருக்கு 15 நாள் ஈட்டிய விடுப்பு உண்டு. வாரத்துக்கு 55 மணி நேரம் அல்லது அதற்கு மேல் உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35% அதிகம் என்று உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சொன்னதையும் சேர்த்துப் படியுங்கள்.

சாப்பிட்டதை நடந்து கரைக்கலாமா?

டெல்லியில் இந்த சீசனில் அது அவ்வளவு சுலபமில்லை. காற்றுத் தரக் குறியீடு 300-ஐத் தாண்டினால் 'மிக மோசம்', 400-ஐத் தாண்டினால் 'கடுமை'. குளிர்காலத்தில் விடியற்காலையில் புகை தரையோடு தங்கிவிடும். அதனால் ஊரில் பழகிய 5 மணி வாக்கிங் இங்கே சரிப்படாது. குறியீட்டைப் பார்த்து மதியத்துக்கு மாற்றுங்கள், அல்லது வீட்டுக்குள் உடற்பயிற்சி செய்யுங்கள்.

சரி, என்னதான் பண்ணலாம்?

* காலண்டரில் முதலில் தூங்கும் நாளைக் குறியுங்கள். ஊருக்குப் போய் வந்தால், திரும்பிய மறுநாளும் லீவில் சேரட்டும்.
* பண்டிகை அன்று பிடித்ததைச் சாப்பிடுங்கள். மறுநாள் பட்டினி கிடக்காமல் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்புங்கள்.
* ஆபீஸ் ஸ்வீட் பாக்ஸை மேஜையில் வைக்காதீர்கள். எஃப்எஸ்எஸ்ஏஐ வழிகாட்டுதலின்படி ரசகுல்லா 2 நாள், கோவா இனிப்புகள் 4 நாள் வரைதான். அதற்குள் பகிர்ந்து கொடுத்துவிடுங்கள்.
* பலகாரத்தில் பாதியைக் கடையில் வாங்கலாம். மீதியை எல்லோரும் சேர்ந்து செய்யலாம். பாத்திரம் கழுவுவதும் அதில் அடக்கம்.
* குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை நோய் இருந்தால் எச்பிஏ1சி டெஸ்ட் எடுத்துப் பாருங்கள். 5.7 முதல் 6.4 வரை எச்சரிக்கை. 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள், விரதம் இருக்கும் முன் டாக்டரிடம் கேட்பது அவசியம்.