ஷாஃப்ஹவுசனின் பழைய விடுதிகள்: முன்வாசலால் போய் ஒரு மதியச் சாப்பாடு

சுவிசுக்கு வந்த எம்மவரில் பலர் இந்நாட்டு உணவுவிடுதிகளைப் பின்வாசலால்தான் அறிந்தார்கள். 1980களிலும் 90களிலும் அகதித் தஞ்சம் கோரியவர்களுக்கு வேலை கிடைத்த ஒருசில துறைகளில் சமையலறை முக்கியமானது. கோப்பை கழுவி, கிழங்கு உரித்து, பின்னர் சமையற்காரராகவே உயர்ந்தவர்கள் உண்டு. முன்பக்க மேசையில் குடும்பத்தோடு அமர்ந்து சாப்பிட்டவர்கள் குறைவு. விலை மட்டும் இதற்குக் காரணமில்லை என்பது எங்கள் எண்ணம். ஊரில் தவறணை என்றால் ஆண்கள் பிளாவில் கள்ளுக் குடிக்கும் இடம். குடும்பப் பெண்கள் எட்டியும் பார்ப்பதில்லை. சுவிஸ் ஜெர்மனில் 'பைட்ஸ்' எனப்படும் பழைய விடுதி அந்தக் கணக்கில் வராது. பாட்டி முதல் பேரன் வரை ஒரே மேசையில் இருப்பார்கள்.

ஷாஃப்ஹவுசன் வளர்ந்ததே ரைன் நதியால். அருகே நொய்ஹவுசனில் ஆறு 23 மீற்றர் கீழே விழுவதால் படகுகள் அதற்கு மேல் போக வழியில்லை. உப்பு முதலான சரக்கை இங்கே இறக்கி, வண்டியில் ஏற்றி, அருவியைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். சுமந்தவருக்கும் வணிகருக்கும் சாப்பாடும் படுக்கையும் தேவைப்பட்டன. 1411இல் தொழிற்குழுக்கள் நகர ஆட்சியில் இடம்பிடித்தன. அவை கூடிப் பேசவும் குடிக்கவும் தனித்தனி மண்டபங்கள் இருந்தன. தோல் பதனிட்டோரின் கெர்பர்ஸ்டூபே, மீனவரின் ஃபிஷர்ட்சுன்ஃப்ட் ஆகிய பெயர்களில் அந்த வரலாறு இன்னும் இருக்கிறது. ஹெரனாக்கர் சதுக்கத்தில் உள்ள பழைய விடுதியின் பெயர் 'ட்சும் ஃபிரீடன்'. ஃபிரீடன் என்றால் சமாதானம். போருக்குத் தப்பி வந்தவர்கள் அந்தப் பெயரைச் சும்மா வாசித்துவிட்டுப் போக முடியாது.

வேலைநாளில் போவது நல்லது. மதியத்துக்கென்று ஒரு 'மெனு' இருக்கும். சூப் அல்லது சலாட்டும் அதிலேயே அடங்கும். மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் கவனிக்க: 'கெஷ்னெட்செல்டஸ்' பெரும்பாலும் கன்றிறைச்சி. ரோஸ்டி வெறும் உருளைக்கிழங்குதான், ஆனாலும் சில இடங்களில் பன்றிக்கொழுப்பில் பொரிப்பார்கள். இவ்வூருக்கே உரிய வெங்காயப் பணியாரமான 'பொல்லெடூனெ'யிலும் பன்றித் துண்டுகள் சேர்வதுண்டு. கேட்பதில் வெட்கமில்லை.

குடிவகையில் இவ்வூர்ப் பியர் ஃபால்கன், 1799 முதல் வடிக்கப்படுவது. 'ஷ்டாங்கெ' என்றால் 3 டெசிலீற்றர். சுற்றுவட்டாரத் திராட்சைத் தோட்டங்களின் சிவப்பு வைன் 'பிளவ்புர்குண்டர்'. பியரும் வைனும் 16 வயதிலிருந்து, சாராய வகைகள் 18இலிருந்து. வாகனம் ஓட்டுபவருக்கு எல்லை 0.5 பெர்மில், புதிதாக ஓட்டுரிமை பெற்றவருக்கு அதுவும் கிடையாது. குடிக்காதவர்கள் ஒதுங்கியிருக்க வேண்டியதில்லை. ஆப்பிள் சாறும், பாற்கட்டி செய்கையில் மிஞ்சும் பால்நீரில் தயாராகும் ரிவெல்லாவும் எங்கும் கிடைக்கும். குழாய்த் தண்ணீருக்கும் சில இடங்களில் காசு எடுப்பார்கள், அதற்குக் கோபிக்க வேண்டாம்.

'ஷ்டாம்டிஷ்' என்று எழுதிய மேசை நாளாந்த வாடிக்கையாளருக்குரியது, அதில் அமரக்கூடாது. கிளாஸை உயர்த்தும்போது எதிரிலிருப்பவரின் கண்ணைப் பார்த்துத்தான் 'ப்ரோஸ்ட்' சொல்வார்கள். பெரியவர் முன் கண் தாழ்த்திப் பழகிய எங்களுக்கு இது சற்றுக் கூச்சம்தான். பிள்ளைகளுக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை.

பரிமாறும் கூலி விலையிலேயே அடங்கும். ஆனாலும் திருப்தியென்றால் தொகையை முழுமையாக்கிக் கொடுப்பது வழக்கம். அந்தச் சில்லறையில் சமையலறைக்கும் பங்கு போகும் இடங்கள் உண்டு. கோப்பை கழுவியவர்களுக்கு அது தெரியும்.