சிறைக்கு அல்ல, சிகிச்சைக்கு: சிறு குற்றத்தில் சிக்கும் மனநோயாளிகள்

கண்டியிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே ஏறத்தாழ 10 கிலோமீற்றர் வந்தால் அக்குறணைக் கடைத்தெரு. அங்கே, மருந்தை நிறுத்திவிட்ட ஒருவர் காசு கொடுக்காமல் பணிஸ் எடுத்துச் சாப்பிட்டு, தட்டிக்கேட்டபோது கண்ணாடி அலுமாரியையும் உடைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முறைப்பாடு, பொலிஸ், நீதவான். பிணை எடுக்க ஆள் வராவிட்டால் விளக்கமறியல். மருந்தில்லாமல் நோய் அங்கே முற்றுகிறது.

சட்டத்தில் வேறு வழியும் உண்டு. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, எதிரி சித்த சுவாதீனம் இல்லாதவர், தன் தரப்பைச் சொல்ல இயலாதவர் என்று நீதவானுக்குத் தோன்றினால், அரச வைத்தியரைக் கொண்டு பரிசோதிக்கச் செய்து விசாரணையை ஒத்திவைக்கலாம். பிணை வழங்கக்கூடிய குற்றமென்றால், பார்த்துக்கொள்வதாகப் பொறுப்பேற்பவரிடம் அவரை ஒப்படைக்கவும் முடியும்.

தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவு வேறு விஷயம். சித்த சுவாதீனமின்றிச் செய்தது குற்றமாகாது என்கிறது அது. ஆனால் அப்படி விடுதலையானவர் வீட்டுக்குப் போவதில்லை. பாதுகாப்புக் காவலில் வைக்கப்படுவார். பணிஸ் திருட்டுக்குரிய தண்டனையைவிட அது நீண்டுபோகலாம். சிறு வழக்கில் இந்த வாதத்தை எடுக்குமுன் சட்டத்தரணி இருமுறை யோசிக்க வேண்டும்.

குற்றத்தை நோயாகப் பார்ப்பது எங்களுக்குப் புதிதல்ல. தற்கொலை முயற்சி 1998 வரை இங்கு தண்டனைக்குரிய குற்றம். இன்று அது வைத்தியசாலையின் விஷயம். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், தெருவில் அலையும் மனநோயாளியைப் பொலிஸ் கூட்டில் அடைக்கவே கூடாது, 24 மணித்தியாலத்துக்குள் அரச மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறது. அமெரிக்காவின் மயாமியில் நீதிபதி ஸ்டீவ் லீஃப்மன் 2000இல் தொடங்கிய திட்டம் சிறு குற்றவாளிகளைச் சிறையிலிருந்து சிகிச்சைக்குத் திருப்புகிறது. பொலிஸாருக்கும் பயிற்சி தருகிறது. இலங்கையில் அப்படித் தனி நீதிமன்றம் கிடையாது. நீதவானிடம் யாராவது எடுத்துச் சொன்னால்தான் உண்டு.

போரைக் கண்ட குடும்பங்களுக்கு இது இன்னும் கூர்மையானது. தடுப்பிலிருந்து வந்த ஒருவர் சீருடையைக் கண்டதும் ஓடினால், அது குற்ற உணர்வாகத்தான் எழுதப்படும். தமிழில் அவர் சொல்வது சிங்களத்தில் பதிவானால் நோயின் அடையாளம் இன்னும் மங்கும்.

ஆகவே கிளினிக் கொப்பியின் பிரதி ஒன்றை வீட்டில் வைத்திருங்கள். பொலிஸில் முதல் நாளே காட்டுங்கள். முதல் தவணையில் சட்டத்தரணி மூலம் நீதவானிடம் கொடுத்து வைத்தியப் பரிசோதனை கேளுங்கள். சட்டத்தரணிக்கு வசதியில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். அவசரத்துக்கு, அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம் 1926.