கண்ட அடியும் கேளாத சொல்லும்

2006ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. கொழும்பில் நான் அப்போது பணியாற்றிய நாளிதழின் ஆசிரியபீடத்தில் அன்றிரவு வழமைக்கு மாறான கூட்டம். பேர்லின் நகரில் உலகக் கிண்ண உதைபந்தாட்ட இறுதிப்போட்டி. எங்கள் நேரப்படி இரவு 11.30க்கு ஆரம்பம். வெளிமாவட்டப் பதிப்பு ஏற்கனவே அச்சுக்குப் போய்விட்டது. நகரப் பதிப்பின் கடைசிப் பக்கத்தை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, பழைய தொலைக்காட்சிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்திருந்தோம்.

ஆட்டம் 1-1 என்ற சமநிலையில் மேலதிக நேரத்துக்குச் சென்றது. அதிகாலை 1.45ஐ அண்டிய வேளை, பந்து மைதானத்தின் மறுபக்கத்தில் இருக்கையில், ஆட்டம் திடீரென நிறுத்தப்பட்டது. இத்தாலியின் நெடிய பின்கள வீரர் ஒருவர் தரையில் கிடந்தார். சிறிது நேரத்தில் மீள்காட்சி வந்தது. பிரான்ஸ் அணியின் தலைவர் ஸினெடின் ஸிடேன் இரண்டொரு அடி முன்னே நடக்கிறார். பின் திரும்பி வந்து, தலையால் மார்க்கோ மட்டராஸியின் மார்பில் முட்டித் தள்ளுகிறார். அறையில் ஒருவரும் பேசவில்லை. அச்சுக்கூடத்திலிருந்து தொலைபேசி மட்டும் விடாமல் ஒலித்துக்கொண்டிருந்தது.

ஸிடேனைப் பற்றி உலகம் நிறைய எழுதிவிட்டது. நானும் எழுதினேன். இன்று எழுத விரும்புவது தரையில் கிடந்த அந்த மற்றவரைப் பற்றி. அத்துடன் என் பேனா அவருக்குச் செய்த ஒரு தவறைப் பற்றி.

மட்டராஸி 1973இல் இத்தாலியின் தெற்கே லெச்சே நகரில் பிறந்தவர். தந்தை கியுசெப்பே மட்டராஸி ஆட்டக்காரராக இருந்து பயிற்றுநர் ஆனவர். மகனுக்குப் பெருங் கழகங்களின் வாசல் எளிதில் திறக்கவில்லை. சிசிலித் தீவின் மார்சலா, ட்ரபானி போன்ற சிறிய கழகங்களில் கீழ்ப்பிரிவுகளில் ஆடி, பெருஜியா வழியாக மேலே வந்தவர். ஆறடிக்கும் மேலான உயரம், பலமான இடது கால், தலையால் பந்தை அடிப்பதில் தனித் தேர்ச்சி. 2000-2001 பருவகாலத்தில் பெருஜியாவுக்காக 12 கோல்கள் அடித்தார். ஒரு பருவகாலத்தில் பின்கள வீரர் ஒருவர் இத்தாலிய முதற்பிரிவில் அடித்த கோல்களில் அதுவே சாதனை. அதுவரை அந்தச் சாதனை 11 கோல்களுடன் ஆர்ஜென்ரீனாவின் டானியல் பஸரெல்லாவிடம் இருந்தது. 2001இல் மிலான் நகரின் இன்டர் கழகம் அவரை வாங்கியதில் வியப்பில்லை.

ஆனால் அந்தத் திறமைக்குப் பக்கத்திலேயே ஒரு கறுப்புப் புத்தகமும் வளர்ந்தது. 1998-99இல் இங்கிலாந்தின் எவர்ட்டன் கழகத்தில் அவர் ஆடியது ஒரே ஒரு பருவகாலம். அதற்குள் ஒரு தடவைக்கு மேல் சிவப்பு அட்டை பெற்றார். 2004 பெப்ரவரியில் சியெனா கழகத்துடனான ஆட்டத்தில் அவர் களமிறங்கவே இல்லை. இருந்தும் ஆட்டம் முடிந்து வீரர்கள் உள்ளே செல்லும் வழியில் எதிரணியின் புரூனோ சிரில்லோவைத் தாக்கினார். கிழிந்த உதட்டுடன் சிரில்லோ தொலைக்காட்சியில் தோன்றினார். மட்டராஸிக்கு இரண்டு மாதத் தடை.

வாயாலும் உடலாலும் எதிராளியைச் சீண்டுவது பின்கள வீரர்களின் பழைய ஆயுதம். முன்கள வீரன் பந்தை நினைக்க வேண்டிய வேளையில் அவனைத் தன்னை நினைக்க வைத்துவிட்டால் பாதி வெற்றி கிட்டிவிடும். எங்கள் ஊர் மைதானங்களிலும் இது நடந்தது. நான் பார்த்த நல்ல பின்கள வீரர்கள் சிலர் பந்தைத் தொட்டதைவிட வாயைத் திறந்தது அதிகம். இந்த ஆயுதத்துக்கு இரண்டு பக்கமும் கூர் உண்டு என்பதை மட்டராஸியின் வாழ்க்கையைப் போல வேறெதுவும் எனக்குக் காட்டவில்லை.

2006 உலகக் கிண்ணத்தை எடுத்துக்கொள்வோம். அவர் முதல் அணியிலேயே இருக்கவில்லை. ஜூன் 22இல் செக் குடியரசுக்கு எதிரான ஆட்டத்தில் அலெஸாண்ட்ரோ நெஸ்டா காயமடைந்தார். பதிலாக வந்த மட்டராஸி சில நிமிடங்களிலேயே தலையால் கோல் அடித்தார். நான்கு நாள்களின் பின் அவுஸ்திரேலியாவுடன் ஆட்டம். இரண்டாம் பாதி தொடங்கிச் சில நிமிடங்களில் சிவப்பு அட்டை. மீதி நேரம் முழுவதும் பத்துப் பேருடன் ஆடிய இத்தாலி, கடைசிக் கணத்தில் கிடைத்த பெனல்ட்டியால் தப்பியது. தடை காரணமாக அவர் உக்ரேனுக்கு எதிரான காலிறுதியைப் பார்வையாளராக இருந்தே பார்த்தார். அவுஸ்திரேலிய ஆட்டத்தில் அவரை வெளியேற்றிய மத்தியஸ்தர் ஸ்பெயின் நாட்டின் லூயிஸ் மெடினா கன்டலேயோ. இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இறுதிப்போட்டி தொடங்கி ஏழாவது நிமிடத்தில் மட்டராஸி புளோரன்ட் மலூடாவை வீழ்த்தியதாக மத்தியஸ்தர் ஹொராசியோ எலிசொண்டோ பெனல்ட்டி வழங்கினார். ஸிடேன் பந்தை மெல்லக் கிள்ளி அடிக்க, அது குறுக்குக் கம்பத்தில் பட்டு உள்ளே விழுந்தது. 19ஆவது நிமிடத்தில் பிர்லோவின் மூலை உதையை மட்டராஸி தலையால் கோலாக்கினார். கடனையும் அவரே பட்டார், அடைத்தவரும் அவரே. 110ஆவது நிமிடத்தில் அந்த முட்டல்.

எலிசொண்டோ அதைக் காணவில்லை. கோட்டுக்கு வெளியே நின்ற நான்காவது மத்தியஸ்தர்தான் அவருக்கு அறிவித்தார். அந்த நான்காவது மத்தியஸ்தர் வேறு யாருமல்ல, அதே மெடினா கன்டலேயோ. பதின்மூன்று நாள்களுக்கு முன் மட்டராஸியை வெளியேற்றிய மனிதர், இப்போது மட்டராஸியைத் தாக்கியவர் வெளியேறக் காரணமானார். ஸிடேன் கிண்ணத்தைக் கடந்து உள்ளே போனார். சமநிலை முறிப்பு பெனல்ட்டிகளில் இத்தாலி 5-3 என வென்றது. இத்தாலியின் இரண்டாவது உதையைக் கோலாக்கியவர் மட்டராஸி.

உதைபந்தாட்ட விதிகளின் பன்னிரண்டாவது விதியில் ஒரு வரி உண்டு. எதிராளியைத் தாக்குவது மாத்திரமன்றி, இழிவுபடுத்தும் சொல்லையோ சைகையையோ பயன்படுத்துவதும் வெளியேற்றத்துக்குரிய குற்றமே. 2006இலும் விதி அவ்வாறே இருந்தது. ஆகவே எழுத்துப்படி பார்த்தால் அந்த நிமிடத்தில் இரண்டு சிவப்பு அட்டைகள் இருந்தன. ஒன்றுதான் வெளியே எடுக்கப்பட்டது. அடி கண்ணுக்குத் தெரிந்தது. சொல் தெரியவில்லை. 2018 முதல் உலகக் கிண்ணத்தில் காணொளி உதவி மத்தியஸ்தர் முறை வந்துவிட்டது. அதன் கமராக்களுக்கும் கண் உண்டே தவிர, காது இல்லை.

இனி என் பங்குக்கு வருகிறேன்.

மறுநாள் திங்கட்கிழமை முழுவதும் வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களின் தகவல்கள் வந்து குவிந்தன. உதட்டசைவை வாசிக்கும் நிபுணர்களைப் பத்திரிகைகள் அமர்த்தின. ஒருவர் ஒன்றைச் சொல்ல, மற்றவர் வேறொன்றைச் சொன்னார். அல்ஜீரியப் பெற்றோரின் பிள்ளையான ஸிடேனைப் ‘பயங்கரவாதி’ என்று மட்டராஸி ஏசினார் என்ற கதைதான் வேகமாகப் பரவியது. கொழும்பில் தமிழ்ப் பத்திரிகையில் இருந்த எனக்கு அந்தச் சொல் எப்படிச் சுட்டிருக்கும் என்பதை வாசகர்கள் ஊகிக்கலாம். சோதனைச்சாவடி ஒவ்வொன்றிலும் அந்தச் சொல்லின் நிழலில் நின்றவர்கள் நாங்கள். அன்று மாலையே ஒரு பத்தி எழுதினேன். ‘சொல்லப்பட்டதாகக் கூறப்படுகிறது’ என்று எழுதவில்லை. சொன்னார் என்றே எழுதினேன்.

எங்கள் ஒப்புநோக்குநர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றே அழைப்போம். பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

“தம்பி, உவர் இப்பிடிச் சொன்னவர் எண்டு ஆர் கேட்டது?”

“உலகம் முழுக்க எழுதுது மாஸ்டர்.”

“உலகம் எழுதினது சரி. கேட்டது ஆர்?”

நேரம் போய்விட்டது என்று சொல்லிப் பிரதியை வாங்கி வைத்தேன். அவர் ஓரத்தில் பென்சிலால் இட்டிருந்த கேள்விக்குறியை நான் பொருட்படுத்தவில்லை. பத்தி செவ்வாய்க்கிழமை வெளியாயிற்று. பாராட்டித் தொலைபேசி அழைப்புகளும் வந்தன.

ஜூலை 12இல் ஸிடேன் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் பேசினார். பார்த்துக்கொண்டிருந்த சிறுவர்களிடம் மன்னிப்புக் கோரினார். செய்ததற்காக வருந்தவில்லை என்றார். தம் தாயையும் சகோதரியையும் பற்றித் தகாத சொற்கள் பேசப்பட்டதாகச் சொன்னார். ஜூலை 20இல் பீபா தன் தீர்ப்பை வெளியிட்டது. பேசப்பட்டவை இழிவான சொற்கள், ஆனால் இனவாதச் சொற்கள் அல்ல என்று இருவருமே வலியுறுத்தியதாக அந்த அறிவிப்புக் கூறியது. ஸிடேனுக்கு மூன்று போட்டித் தடையும் 7,500 சுவிஸ் பிராங்க் அபராதமும். மட்டராஸிக்கு இரண்டு போட்டித் தடையும் 5,000 பிராங்க் அபராதமும். 2007இல் மட்டராஸி தாம் சொன்னதை ஒப்புக்கொண்டார். சட்டையைப் பிடித்து இழுத்தபோது, வேண்டுமானால் ஆட்டம் முடிந்தபின் தருகிறேன் என்று ஸிடேன் ஏளனமாகச் சொல்ல, பதிலுக்கு ஸிடேனின் சகோதரியைப் பற்றி இழிவாகப் பேசினாராம். தாயைப் பற்றிப் பேசவில்லை என்பதில் உறுதியாக நின்றார். அவர் சிறு வயதிலேயே தாயை இழந்தவர்.

இனவாதி என்று தம்மை எழுதிய பிரித்தானியப் பத்திரிகைகள் மீது அவர் வழக்குத் தொடுத்தார். 2008இல் டெய்லி மெயில் உட்படச் சில பத்திரிகைகள் மன்னிப்புக் கேட்டு நட்டஈடும் வழங்கின. கொழும்பில் வெளியான ஒரு தமிழ்ப் பத்தியை அவர் எங்கே கண்டிருக்கப் போகிறார்? எம்மிடம் யாரும் திருத்தம் கேட்கவில்லை. நாங்களும் வெளியிடவில்லை.

இதனால் அந்தப் பின்கள வீரர் குற்றமற்றவர் ஆகிவிடமாட்டார். ஒருவருடைய சகோதரியை இழுத்துப் பேசுவது எந்த மைதானத்திலும் இழிவுதான். அதன் விலையை அவரும் கொடுத்தார். ஸிடேன் ஓய்வுபெற்றுவிட்டதால் அவருடைய தடைக்குப் பதிலாகச் சிறுவர்களுடன் மூன்று நாள் சமூக சேவை வந்தது. மட்டராஸியின் தடையோ உண்மையிலேயே களத்தில் நிறைவேறியது. செப்டெம்பர் 2இல் லித்துவேனியாவுடன் இத்தாலி 1-1 எனச் சமன் செய்தது. நான்கு நாளின் பின் பாரிஸ் புறநகரில் பிரான்ஸ் 3-1 என இத்தாலியை வென்றது. உலகச் சம்பியனின் முதல் இரண்டு தகுதிகாண் ஆட்டங்களிலும், உலகக் கிண்ணத்தில் இரண்டு கோல் அடித்த அந்த வீரர் இல்லை.

அடக்கமின்மை வாயோடு நிற்பதில்லை. 2007 ஏப்ரலில் அதே சியெனாவுக்கு எதிராக இரண்டு கோல்கள் அடித்து இன்டருக்குச் சம்பியன் பட்டத்தை உறுதிசெய்தவர் அவர். மறுவருடம் மே மாதம், மீண்டும் சியெனா, மீண்டும் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில். பெனல்ட்டி அடிக்க ஆயத்தமாக இருந்த சக வீரர் ஹூலியோ குரூஸிடமிருந்து பந்தைத் தாமே வாங்கி அடித்தார். கோல்காப்பாளர் தடுத்துவிட்டார். ஆட்டம் 2-2. பட்டத்துக்கு இன்னொரு வாரம் காத்திருக்க நேர்ந்தது.

பிற்காலத்தில் அவர் தமிழ் மண்ணுக்கே வந்தார். 2014இல் சென்னையின் எஃப்சி கழகத்தில் ஆட்டக்காரராகவும் முகாமையாளராகவும் பொறுப்பேற்றார். 2015இல் பட்டியலின் அடியில் கிடந்த அணியை மீட்டெடுத்து, டிசம்பரில் கோவாவை 3-2 என வென்று கிண்ணம் பெற்றுக்கொடுத்தார். பெருவெள்ளத்தில் நனைந்து கிடந்த சென்னைக்கு அது ஒரு ஆறுதல். அந்தச் செய்தியை வாசித்தபோது எனக்கு மகிழ்ச்சியும் ஒரு உறுத்தலும் சேர்ந்தே வந்தன.

வள்ளுவர் நாகாத்தலை அடக்கமுடைமை என்ற அதிகாரத்துள் வைத்தார். மைதானத்தில் நிற்பவனுக்கு மட்டுமல்ல, மேசையில் இருப்பவனுக்கும் அது பொருந்தும். மட்டராஸி சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னார். நான் அவர் சொல்லாத ஒன்றைச் சொன்னதாக எழுதினேன். அவருக்கு இரண்டு போட்டித் தடை கிடைத்தது. எனக்குப் பாராட்டுக் கிடைத்தது.

மாஸ்டர் இன்று நம்மிடையே இல்லை. அவருடைய பென்சில் கேள்விக்குறிக்கான பதிலைப் பல ஆண்டுகள் பிந்தி இங்கே பதிகிறேன். மாஸ்டர், அதை ஒருவரும் கேட்கவில்லை.