‘எம்என்’ என்ற இரண்டெழுத்து

ஹெவ்லொக் ரோட்டால் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்த உயரமான மாடிக் கட்டடங்களும் மோலும் தெரியும். எங்கட அம்மம்மாமாருக்கு அந்த இடம் இன்னும் ‘மில்லடி’தான். வெள்ளவத்தை நூற்பு, நெசவு ஆலை அங்கேதான் இருந்தது. 1890 முதல் 1895 வரை இலங்கையில் ஆளுநராக இருந்த ஆர்தர் ஹெவ்லொக்கின் பெயர் ரோட்டுக்கு நிலைத்துவிட்டது. ஆலை போய்விட்டது. தொழில்கள் அப்படித்தான், ஒன்று போய் இன்னொன்று வரும்.

அந்தக் கட்டடங்கள் தெரிகிற ஒரு ஒழுங்கைக்குள், மேல்மாடி அறை ஒன்றில் எங்களுக்குத் தெரிந்த அண்ணா ஒருவர் வேலை செய்கிறார். கொட்டாஞ்சேனையில் ஒரு அச்சகத்தில் கல்யாணக் கார்ட், கண்ணீர் அஞ்சலி நோட்டிஸ் என்று தட்டச்சுச் செய்யத் தொடங்கியவர். பிறகு கிராபிக் டிசைனர் ஆனார். இப்போது டப்ளெட்டில் பேனையால் ஓவியம் வரைகிறார். செயலிகளுக்குத் திரைகள் வடிவமைக்கிறார்.

போன விடுமுறையில் எங்கட குழுவின் வாசிப்பு நிகழ்வுக்கு ஒரு போஸ்டர் செய்து தரச்சொல்லி அவரிடம் போனோம். மழை, காலி வீதி, குடையோடு ஒரு அம்மா. அந்த ஓவியம் இரவு பத்து மணிக்கே முடிந்துவிட்டது.

“சரி அண்ணா, தலைப்பைப் போட்டால் முடிஞ்சுதுதானே?” என்று கேட்டோம்.

“இனித்தான் தம்பியவை வேலையே இருக்கு” என்றார்.

உண்மைதான். தலைப்பில் முதல் சொல் ‘கொழும்பு’. அதைத் தட்டச்சுச் செய்தவுடன் ககரத்துக்கு முன்னால் நிற்கவேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றது. கொழும்பில் இருந்துகொண்டு ‘கொழும்பு’ என்று எழுத முடியேல்லை! கடைசியில் அவர் பேனையை எடுத்து அந்தச் சொல்லைக் கையாலேயே வரைந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு கேள்வி எங்களை விடவில்லை. படம் இவ்வளவு லேசாகக் கொம்பியூட்டருக்குள் போய்விட்டது. எங்கட எழுத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு கஷ்டம்? தேடிப் பார்த்தோம். தேடியதில் கிடைத்த கதைதான் இது.

ஒரே நாளில் போன படமும் எழுத்தும்

கொம்பியூட்டரில் வரைவது நாங்கள் நினைக்கிறதைவிடப் பழைய விஷயம். 1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட் என்ற மாணவர் தன் ஆய்வுக்காக ‘ஸ்கெட்ச்பேட்’ என்ற நிரலை உருவாக்கினார். ஒளிப்பேனையால் திரையைத் தொட்டுக் கோடு போடலாம்.

ஆனால் ஒரு ஓவியர் கொம்பியூட்டருக்குள் வந்து அதன் முகத்தையே மாற்றினார் என்றால், சூசன் கேரைத்தான் சொல்லவேண்டும். கலைத்துறையில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். ஆப்பிளில் வேலை செய்த பள்ளித் தோழர் அண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் அவரை அழைத்தபோது, ஒரு அருங்காட்சியகத்துக்காகக் காட்டுப்பன்றிச் சிலை ஒன்றை உலோகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தாராம். கொம்பியூட்டர் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு கட்டத்தாள் கொப்பி வாங்கினார். 32க்கு 32, மொத்தம் 1,024 சதுரங்கள். எந்தச் சதுரத்தைக் கறுப்பாக்குவது, எதை வெள்ளையாக விடுவது என்பதுதான் முழு வேலையும். 1984இல் வெளிவந்த மெக்கின்டோஷில் நாங்கள் இன்றைக்கும் பார்க்கிற மாதிரியான குப்பைத்தொட்டி, சிரிக்கிற கொம்பியூட்டர் எல்லாம் அப்படி வந்தவைதான். ஆப்பிள் விசைப்பலகையில் இருக்கிற நான்கு வளையக் குறி, சுவீடனில் பார்க்கத்தக்க இடங்களைக் காட்டும் அடையாளப் பலகையில் இருந்து அவர் எடுத்தது.

இந்தக் கதையில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கு. சூசன் கேர் சின்னப் படங்களை மட்டும் வரையவில்லை. ‘சிக்காகோ’, ‘ஜெனீவா’, ‘மொனாக்கோ’ என்ற எழுத்துருக்களையும் அதே மாதிரிச் சதுரம் சதுரமாக அவரே வடிவமைத்தார். அதாவது ஆங்கிலத்துக்குப் படமும் எழுத்தும் ஒரே கையால், ஒரே இயந்திரத்துக்குள், ஒரே நாளில் போய்ச் சேர்ந்தன. அதற்குப் பிறகு அங்கே வந்த டிசைனர்களுக்கு எழுத்து ஒரு தலையிடியே இல்லை. 1990இல் ஃபோட்டோஷொப் வந்தது. எழுபது வயதைத் தாண்டிய பிறகு டேவிட் ஹொக்னி ஐஃபோனிலும், 2010இல் இருந்து ஐபேடிலும் விரலால் ஓவியம் வரைந்தார். 2011இல் தஸ்மேனியாவில் இருந்து ‘புரொகிரியேட்’ வந்தது. பென்சில் பிடித்தவர் பேனை பிடித்தார், பிறகு செயலிக்குத் திரை வரைந்தார். அந்தப் பாதை நேர்ப்பாதை.

எங்கட பக்கத்திலும் ஒரு காலத்தில் படமும் எழுத்தும் ஒரே கையில்தான் இருந்தன. பழைய தமிழ்ச் சஞ்சிகை அட்டைகளை நூலகம் தளத்தில் திறந்து பாருங்கள். தலைப்பெழுத்தும் ஓவியம் போலவே கையால் வரையப்பட்டிருக்கும். கார்ட்டூனிஸ்ட் ‘சுந்தர்’ என்ற சி. சிவஞானசுந்தரம் 1963இல் ‘சிரித்திரன்’ தொடங்கினார். சவாரித்தம்பரைத் தந்தவர் அவர்தான். சதர்லாண்ட் ஒளிப்பேனை பிடித்த அதே வருஷம்! அந்தத் தலைமுறைக்கு ‘கொ’ எழுதுவது ஒரு பிரச்சினையே இல்லை. கொம்பை எங்கே போடவேண்டும் என்று கைக்குத் தெரியும். படத்தையும் எழுத்தையும் எங்களுக்குப் பிரித்தது கொம்பியூட்டர்தான்.

அம்மா என்று எழுதினால் உள்ளே என்ன இருக்கு?

ஆங்கிலத்துக்கு 26 எழுத்து. பெரியது, சிறியது என்று கூட்டினாலும் 52தான். எங்களுக்கு 247. அந்தக் காலத்து எழுத்துரு ஒன்றில் இருந்ததோ 256 இடங்கள். அதில் முதல் 128 இடங்கள் ஆங்கிலத்துக்கும் கட்டளைகளுக்கும் போய்விட்டன. மிச்ச இடத்துக்குள் தமிழை எப்படி அடுக்குவது?

ஆளாளுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் ‘முரசு’ மென்பொருளை உருவாக்கினார். சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவைத் தந்தார். இலங்கையிலும் இங்கிருந்து புலம்பெயர்ந்த ஆக்களிடமும் பரவியது ‘பாமினி’. பழைய தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தின் அடுக்கைப் பின்பற்றியது என்பதால், தட்டச்சுப் படித்தவர்களுக்கு அது உடனே கைவந்தது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒரு அச்சகத்துக்குள் போனால் இன்றைக்கும் பாமினி என்ற பெயரைக் கேட்கலாம். அண்ணாவும் தொழில் பழகியது அதில்தான்.

பாமினி செய்தது ஒரு வகை வேஷம். ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் உருவங்களைப் போட்டு வைத்தது. ‘அம்மா’ என்று திரையில் தெரியும். உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துருவை எடுத்துவிட்டால் அம்மா இல்லை, வெறும் ஆங்கிலக் குழப்பம்தான் மிஞ்சும்.

அச்சுக்கு அது போதும். தாளில் வந்த பிறகு உள்ளே என்ன இருந்தால் என்ன? ஆனால் இணையத்துக்கும் செயலிக்கும் போதாது. தேடினால் கிடைக்காது, இன்னொருவரின் ஃபோனில் திறந்தால் தெரியாது. 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் தமிழிணைய மாநாடுகள் நடந்தன. ‘தமிழ்99’ விசைப்பலகை சென்னை மாநாட்டில் வந்தது. குறியீடுகளில் மட்டும் டாம், டாப், டிஸ்கி என்று பல பெயர்கள் இருந்தன.

இதற்குத் தீர்வு யூனிகோட். 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. 247க்கும் தனித்தனி இடம் தராமல் உயிர், மெய், குறிகள் என்று உறுப்புகளை மட்டும் வைத்தார்கள். ககரத்துக்கு ஒரு இடம், ‘ஒ’ ஒலிக்குரிய குறிக்கு ஒரு இடம். இரண்டையும் சேர்த்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் போட்டு ‘கொ’ என்று காட்டவேண்டியது மென்பொருளின் வேலை. அந்த வேலையை மென்பொருள் ஒழுங்காகச் செய்யாவிட்டால்தான் எங்கட போஸ்டரில் நடந்தது நடக்கும்.

யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்தது 1991இல். விண்டோஸ் அதை ‘லதா’ எழுத்துருவோடு காட்டத் தொடங்கியது விண்டோஸ் 2000இல். இலங்கை தன் தமிழ்க் குறியீட்டுத் தரத்தை, ரெங்கநாதன் விசைப்பலகையோடு, வெளியிட்டது 2008இல். 1985இல் இருந்து எண்ணினால் 23 வருஷம். அவ்வளவு காலமும் எங்கட டிசைனர்கள் வேஷம் போட்ட எழுத்தோடுதான் வேலை செய்தார்கள்.

எழுத்தில் இருந்து செயலிக்கு

முத்து நெடுமாறனிடம் திரும்பி வருவோம். கேரித் தீவில் பிறந்தவர். தந்தை முரசு நெடுமாறன் ஆசிரியர், கவிஞர், மலேசியத் தமிழ்க் கவிதைகளைத் தேடித் தொகுத்தவர். மகன் பொறியியல் பக்கம் போனாலும் எழுத்தை விடவில்லை. எழுத்துருவில் தொடங்கி ‘முரசு அஞ்சல்’ ஆகி, 2005 பொங்கலோடு ‘செல்லினம்’ வந்தது. கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பும் வசதி.

அப்போது தொடுதிரை ஃபோன் எங்கட கையில் இல்லை. இருந்தது 12 பொத்தான். 247 எழுத்தை 12 பொத்தானுக்குள் எப்படி வைப்பது? எந்தப் பொத்தானை எத்தனை தரம் அமத்தினால் எந்த எழுத்து வரும்? பெருவிரல் களைக்காமல் எழுத முடியுமா? நிரல் எழுதுகிறவருக்கும் டிசைனருக்கும் சேர்ந்து வருகிற கேள்விகள் இவை. பிறகு செல்லினம் 2009இல் ஐஃபோனுக்கும் 2012இல் அன்ட்ரொய்டுக்கும் வந்தது.

எங்களை அசத்தினது இனித்தான் வருகுது. ஆப்பிள் கருவிகளில் இருக்கிற எழுத்துருக்களின் பட்டியலைப் பார்த்தோம். தமிழுக்கு ‘தமிழ் எம்என்’, ‘தமிழ் சங்கம் எம்என்’. அந்த எம்என் என்பது முத்து நெடுமாறனின் முதலெழுத்துகள். கீழே போனால் மலையாளம் எம்என், தெலுங்கு எம்என், கெமர் எம்என், மியன்மார் எம்என். அவற்றோடு ‘சிங்களா சங்கம் எம்என்’.

ஓம், சிங்களம்தான். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருக்கிற நண்பர் தன் ஐஃபோனில் அம்மாவின் சிங்களக் குறுஞ்செய்தியை வாசிக்கிற அந்த உருளை எழுத்துகள், மலேசியத் தமிழர் ஒருவரின் பட்டறையில் இருந்து வந்தவை. இந்த நாட்டில் மொழிக்காக நடந்ததையெல்லாம் வரலாற்றுப் பாடத்தில் படிக்கிற எங்களுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. எழுத்தை ஒழுங்காக வரையக் கற்றுக்கொண்டவருக்குப் பக்கத்து மொழியின் எழுத்தும் கைவந்தது.

கடைசியாக ஒட்டப்படுகிற தமிழ்

1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. ஆனால் செயலித் திரையில் தமிழ் எப்போது வருகிறது? அண்ணா சொன்னது இது.

“ஆங்கிலத்தில முழுசா வரைஞ்சு முடிப்பினம். பிறகு கடைசி நாள் தமிழ்ச் சொல்லுகளை அனுப்பி ‘இதையும் போடுங்கோ’ எண்டுவினம்.”

என்ன நடக்கும்? ஆங்கிலத்தில் ஆறு எழுத்தில் முடிகிற ‘சப்மிட்’ பொத்தானுக்குள் ‘சமர்ப்பிக்கவும்’ வந்து இருக்கவேண்டும். இருக்காது. வால் வெட்டுப்படும். அல்லது எழுத்தைச் சின்னதாக்குவார்கள், கண்ணாடி போட்டாலும் தெரியாது. வரிகளுக்கு நடுவில் இடம் போதாமல் மேல் வரியின் உகரச் சுழியும் கீழ் வரியின் இகரக் கொக்கியும் முட்டும். இவையெல்லாம் மொழிபெயர்ப்பாளரின் பிழை இல்லை. தமிழை மனதில் வைத்து வரையாததன் விளைவு.

எங்களில் ஒருவரின் அம்மம்மா வெள்ளவத்தையில் இருக்கிறார். ஐந்து பிள்ளைகளைப் படிப்பித்தவர். டொக்டரிடம் நம்பர் எடுக்கிற செயலியைத் திறந்துவிட்டு, “இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லு பிள்ளை” என்று பேத்தியைக் கூப்பிடுகிறார். அவருக்கு வாசிக்கத் தெரியும். அந்தத் திரைக்குத்தான் தமிழ் தெரியாது.

இன்னொரு இழப்பும் இருக்கு. அண்ணாவின் பழைய ஹார்ட் டிஸ்க்கில் பத்து வருஷ வேலை கிடக்கிறது. ஊர்ச் சங்க மலர்கள், நினைவு மலர்கள், கவிதைப் புத்தகங்கள். எல்லாம் பாமினியில். இணையத்தில் ஏற்றினாலும் ஒரு பெயரைக்கூடத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தார்கள். எரிக்காமலே தொலைகிறதும் இருக்கு, அதைக் காப்பாற்றுவது எங்கட கையில் இருக்கு. பாமினியை யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. வேண்டியது பொறுமை மட்டும்தான்.

டிசைன் படிக்கிற, படிக்க நினைக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒன்று சொல்லலாம். டிஜிட்டல் ஓவியம் பழகுங்கோ, செயலி வடிவமைக்கப் பழகுங்கோ. ஆனால் நடுவில் இருக்கிற படியைத் தாண்டிக் குதிக்காதேங்கோ. ஒரு கட்டத்தாள் கொப்பி வாங்கி ‘கொ’வை வரைந்து பாருங்கோ. ‘ழு’வின் சுழி எவ்வளவு இடம் கேட்கிறது என்று பாருங்கோ. அடுத்த திரையை வரையும்போது முதலில் தமிழில் வரையுங்கோ. அதற்குள் ஆங்கிலம் தாராளமாக இருக்கும்.

அண்ணா இப்போது செய்துகொண்டிருக்கிற செயலியின் முதல் திரையைத் தமிழில்தான் வரைந்திருக்கிறார். போன ஞாயிறு அந்த டப்ளெட்டைக் கொண்டுபோய் அம்மம்மாவின் கையில் கொடுத்தோம். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் பார்த்தார். ஒரு பொத்தானை வாசித்தார், அமத்தினார். அடுத்த திரை வந்தது. பேத்தியைக் கூப்பிடவில்லை.