காலி கேட்ச்

பெங்களூர் வந்த புதிதில் செய்த ஒரு திருட்டுத்தனத்தை இப்போதுதான் வெளியே சொல்கிறேன். ஜாவா கம்பைலர், ‘இந்த எக்செப்ஷனுக்கு ஒரு வழி சொல்’ என்று அடம்பிடித்தது. மறுநாள் டெலிவரி. கேட்ச் என்று அடித்து, உள்ளே ஒன்றும் எழுதாமல் அடைப்பை மூடினேன். கம்பைலர் வாயை மூடிக்கொண்டது. மூன்று நாளாக ஃபைல் போய்ச்சேரவில்லை என்பது க்ளையன்ட் போன் போட்ட பிறகுதான் தெரிந்தது. லாகில் ஒரு வரி கூட இல்லை. திட்டு வாங்கியது பக்கத்து சீட்டு ஜூனியர் பையன். நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

இந்த அடம் எங்கிருந்து வந்தது என்று பின்னாளில் தேடிப் படித்தேன். சி மொழியில் தவறு என்றால் பெரும்பாலும் -1 திரும்பி வரும். பார்த்தால் பார், விட்டால் விடு. 1970களில் எம்.ஐ.டி.யில் பார்பரா லிஸ்கோவ் குழு உருவாக்கிய க்ளூ மொழியில், ஒரு ப்ரொசீஜர் என்னென்ன தவறுகளைக் கிளப்பும் என்று அதன் தலைப்பிலேயே எழுத வேண்டும். ஆனால் அழைப்பவர் அவற்றைக் கையாண்டே ஆகவேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. கட்டாயப்படுத்தி, ஊருக்கெல்லாம் கொண்டுபோனது 1996-ல் வந்த ஜாவா.

நோக்கம் நல்லதுதான். விளைவு? என்னைப் போன்றவர்களின் காலி கேட்ச்கள் :-) சி ஷார்ப்பை வடிவமைத்த ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் இதை வேண்டாமென்றே விட்டுவிட்டார். 2003-ல் ஒரு பேட்டியில் காரணமும் சொன்னார்: அடுத்த வெர்ஷனில் ஒரு புது எக்செப்ஷனைச் சேர்த்தால், அதை அழைக்கும் எல்லோருடைய கோடும் உடையும்.

இன்னொரு கிளை எம்.எல்., ஹாஸ்கெல் பக்கம் வளர்ந்தது. அங்கே தவறும் ஒரு மதிப்புதான், பறந்து போகிற எக்செப்ஷன் அல்ல. 2015-ல் 1.0 வெளியான ரஸ்ட் அதைத்தான் எடுத்துக்கொண்டது. ரிசல்ட் என்ற டைப்புக்குள் விடை இருக்கும், இல்லையென்றால் தவறு இருக்கும். பிரித்துப் பார்க்காமல் விடை கைக்கு வராது. இதைத் தவறு செய்யவே முடியாத மொழி என்று ஜல்லியடிப்பவர்கள் உண்டு.

அங்கேயும் ஒரு புறவாசல் இருக்கிறது. பெயர் அன்ராப். ‘தவறு வராது, விடையைக் கொடு’ என்று அர்த்தம். வந்துவிட்டால் ப்ரோக்ராம் அங்கேயே விழும். 2025 நவம்பர் 18 அன்று க்ளவுட்ஃப்ளேர் படுத்து, பாதி இன்டர்நெட் திணறியதே, அதில் ஒரு அன்ராப்புக்கும் பங்குண்டு. 200 என்ற வரம்பை மீறி ஒரு ஃபைல் வீங்கிவிட்டது. அவர்கள் அந்த வரியை மறைக்காமல் தங்கள் அறிக்கையிலேயே போட்டிருந்தார்கள்.

அதைப் படித்த அன்று, பக்கத்து சீட்டுப் பையனின் நம்பரைத் தேடினேன். இன்னும் கிடைக்கவில்லை.