நேட்டால் தமிழரின் குடிப்பெயர்கள்

1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், சென்னையினின்று புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் தென்னாப்பிரிக்க நாட்டின் டர்பன் துறையை அடைந்தது. அதுமுதல் 1911 வரை ஏறத்தாழ 152,000 இந்தியர் நேட்டாலில் ஒப்பந்தக் கூலிகளாய் இறங்கினர். அவர்தம் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், வட்டம், உடல் அடையாளம் யாவும் கப்பற் பட்டியலிற் பதிவாயின.

பதிந்தவர்கள் காதில் விழுந்தவாறு ஆங்கில எழுத்தில் பொறித்தனர். கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆயினர். ‘கவுண்டன்’ என்றே நின்றோரும் உளர். முதலி ‘மூட்லி’ ஆயிற்று. எனவே உடன்பிறந்தார் இருவர் வழியினர் வெவ்வேறு குடிப்பெயர் தாங்குதலும் கூடும்.

பட்டப்பெயர் இல்லாதார் நிலை வேறு. தமிழர் வழக்கில் தந்தை பெயர் தலைமுறைதோறும் மாறும். நேட்டாலிலோ ஒரு தந்தையின் பெயரே கொள்ளுப்பேரன் வரை உறைந்து நின்றது. முனியன் என்பதைக் குலப்பெயரென மயங்குவோர் தேடல் அங்கேயே முடங்கும். அது கப்பலேறிய ஒருவனின் சொந்தப் பெயராகவே இருக்கலாம்.

இவ்விடத்துத் துணைபுரிவது, ஒவ்வொருவருக்கும் அரசு இட்ட எண். மனிதரை எண்ணாக்கிய கொடுமைதான் அது. ஆயினும் பெயர் திரிந்தவிடத்தும் எண் திரியவில்லை. பாட்டனாரின் பழஞ்சான்றிதழில் அவ்வெண் கிடைப்பின், பட்டியலில் அவர் ஊரைக் காணலாம். ஊர்ப்பெயரும் சிதைந்தேயிருக்கும். வட்டத்தின் பெயரை அருகே வைத்து, தமிழறிந்தார் ஒருவர் வாய்விட்டு ஒலித்துப் பார்த்தே அதனை மீட்டல் வேண்டும்.